வேலூர் – ஏலகிரி மனநல பைக் பயணம்: எத்தனை வண்டி, எங்கே நிற்பது, யார் பேசுவது? (பைக் ஓட்டுகிறவர்களின் கலந்துரையாடல்; தேதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

ஆகஸ்ட் 18, காலை – காட்பாடி கிக்கர்

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதை ஒட்டி வரும் ஞாயிறு வேலூர்க் கோட்டை மைதானத்தில் கிளம்பி ஏலகிரி வரை 60 பைக் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மனசு சரியில்லை என்றால் எங்கே போகலாம் என்று சொல்வதுதான் நோக்கம். பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடியில் நின்று துண்டறிக்கை கொடுப்போம். மலை மேலே ஒரு டாக்டர் பேசுவார். ஹெல்மெட்டில் ஒட்ட ஸ்டிக்கரும் அடிக்கிறோம். இப்படி நடத்திப் பழகிய அண்ணன்மார் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 18, இரவு – பாலாற்றங்கரை

தம்பி, முதலில் எண்ணிக்கை. 60 வேண்டாம். மணிக்கு 60 கி.மீ. என்றால் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. இடம், வலம் என்று மாற்றி நின்று, ஒருவருக்கொருவர் 1 நொடி, அதே பக்கம் முன்னால் போகிறவரோடு 2 நொடி என்று இடைவெளி விட்டாலும் 60 வண்டி ஒரு கிலோமீட்டர் நீளும். ஒரு சிக்னலில் வரிசை அறுந்தால் பின்னால் மாட்டியவர்கள் எட்டிப் பிடிக்க 90-ல் முறுக்குவார்கள். கூட்டமாகப் போகும்போது விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

24 வண்டி, ஆறு ஆறாக நாலு குழு, குழுவுக்குக் குழு 10 நிமிட இடைவெளி. ஒவ்வொரு குழுவிலும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளிடம்தான் பஞ்சர் சாமான், முதலுதவிப் பை, இரண்டு லிட்டர் தண்ணீர். வேகத்தை 100 சிசி வண்டி தீர்மானிக்க வேண்டும். புல்லட்காரர் 60-ல் போனால் ஒன்றும் குறையாது. 100 சிசிக்காரரை 85-ல் இழுத்தால் அவர் பாதி வழியிலேயே களைத்துவிடுவார்.

எண்ணிக்கையைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. 60 வண்டி ஒரு டீக்கடை முன்னால் நின்றால், அங்கே தினமும் நிற்கிற பத்துப் பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். நீங்கள் தேடி வந்ததே அந்தப் பத்துப் பேரைத்தான்.

ஆகஸ்ட் 19 – பாலாற்றங்கரை

மலை மேல் டாக்டர் பேச்சு பற்றி. ஏலகிரி உச்சியில் கேட்கப்போவது உங்களோடு ஏறி வந்தவர்கள் மட்டும். அந்த நேரத்தைக் கீழே செலவழியுங்கள். ஒரு நிறுத்தத்துக்கு 40 நிமிடம் என்று வைத்தால் நாலு நிறுத்தத்துக்கு மேல் தாங்காது. கோட்டையில் 5.30-க்குக் கிளம்பினால் விரிஞ்சிபுரம் கூட்டு ரோடு, ஆம்பூர் பைபாஸ், வாணியம்பாடி, அடிவாரத்தில் பொன்னேரி. வெயில் ஏறுவதற்குள் மலையேறி முடித்துவிடலாம்.

மைக் வேண்டாம். மைக்குக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பது ஒரு பக்கம். மைக்கில் "மனநலம்" என்று அலறும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று தன் கதையைச் சொல்ல எவரும் வரமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்துக்கொண்டே பேசுங்கள். சொல்ல வேண்டியது ஒன்றரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும்:

"அண்ணே, ரெண்டு வாரமா சரியா தூக்கம் இல்லாம, எதுலயும் மனசு ஒட்டாம, வண்டி எடுத்தாலே படபடப்பா இருந்துச்சுன்னா 14416-ல தமிழ்லயே பேசலாம். காசு கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க."

14416 என்பது டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கோ மாவட்ட மனநலக் குழுவுக்கோ இணைப்பார். அச்சடிக்கும் முன் நீங்களே ஒருமுறை கூப்பிட்டு, தமிழுக்கு எந்த எண்ணை அழுத்தச் சொல்கிறது, எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். நெஞ்சு அடைத்துப் போய்க் கூப்பிடுகிறவர் பதிவுக் குரல் கேட்டவுடன் வைத்துவிடுவார். "முதல்ல ஒரு மெஷின் பேசும், வெச்சிடாதீங்க" என்று அட்டையிலேயே இருக்கட்டும்.

துண்டறிக்கையோடு ஒன்பது கேள்வி மனச்சோர்வுப் படிவமும் கொடுக்கலாம். நிரப்ப மூன்று நிமிடம்தான்.

ஆகஸ்ட் 19, இரவு – பாகாயம் பஸ்

நான் மனநலச் செவிலியர். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் அண்ணா. அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, சாகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கிறது. ரோட்டோரத்தில் ஒருவர் அதற்கு "ஆமாம், தினமும்" என்று குறித்துக் கையில் கொடுத்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் அதைக் கேட்கக் கூடாது. அதன் முதல் இரண்டு கேள்வி மட்டும் போதும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லையா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு முறை மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம். அது நோய் முடிவு ஆகாது, பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டும்.

ஆகஸ்ட் 20 – பாலாற்றங்கரை

அக்கா சொன்னதுதான் சரி. ஒன்பது கேள்வி வேண்டாம், என் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் எதிரில் இருப்பவர் தானாகவே "இருந்து என்னா பண்ணப் போறேன்" என்று சொன்னால் பேச்சை மாற்றக் கூடாது. "சாகணும்னு தோணுதா அண்ணே?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஒருவராவது கேட்டாரே என்று பாரம் இறங்கும். ஆமாம் என்றால் தனியாக விடக்கூடாது. வண்டிச் சாவியைச் சொல்லிவிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வர விடாதீர்கள், பின்சீட்டிலும் ஏற்றாதீர்கள். ஆட்டோ அல்லது 108. வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவரிடமே கேட்டுப் போன் போடுங்கள்.

"போலீஸ் கேஸ் ஆகுமா?" என்று பயப்படுவார்கள். 2017 மனநலச் சிகிச்சைச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. இன்னொரு பயம் லைசென்ஸ். மனநல மருத்துவரைப் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் போகாது. சிகிச்சைத் தகவல் ரகசியம் என்று அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டு பதிலையும் உங்கள் ஆட்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 20 – செயின் ஸ்பிராக்கெட்

ஹெல்மெட் ஸ்டிக்கர் வேண்டாம் தம்பி. மலிவான ஸ்டிக்கர் பசையும், அதை எடுக்க ஊற்றுகிற தின்னரும் பெட்ரோலும் ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேலோட்டைப் பலவீனப்படுத்தும். வெடிப்பு கண்ணுக்கும் தெரியாது. அதுவும் போக, தலையில் மாட்டிய பிறகு தன் ஹெல்மெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மாட்டியவருக்குத் தெரியாது. சாவி வளையத்தில் ஒரு சின்னத் தகடு போதும். வண்டி எடுக்கும்போதெல்லாம் கையில் படும்.

எங்கள் மாதிரி ஒர்க்‌ஷாப், பஞ்சர் கடைகளுக்கும் கொஞ்சம் அட்டை கொடுங்கள். சர்வீஸ் பில்லின் பின்பக்கம் நம்பரை அடித்தால் இன்னும் நல்லது. பில்லை ஆறு மாதம் பர்ஸில் வைத்திருப்பார்கள், நோட்டீஸை ஆறு நிமிடம்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 21 – பாலாற்றங்கரை

இது மிக முக்கியமான யோசனை. ஒரு வண்டியைப் பல வருடம் பார்க்கிற மெக்கானிக்குக்கு அதை ஓட்டுகிறவரின் மாற்றம் தெரியும். 2,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றியவர் 6,000 தாண்டியும் வரவில்லை, செயின் துருப்பிடித்து வறண்டு கிடக்கிறது, பிரேக் ஷூ தேய்ந்து இரும்பு உரசுகிறது, மூன்று மாதத்தில் இரண்டாவது தடவை அதே பக்கத்து லீவர் வளைந்திருக்கிறது. பணத்தட்டுப்பாடாகவும் இருக்கலாம், வேலைப்பளுவாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் "இன்னாண்ணே, வண்டிய இப்படி விட்டுட்டீங்க, வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்று கேட்க அது போதுமான காரணம். கேட்டுவிட்டுக் கையில் ஸ்பேனரோடு வேலையைத் தொடரலாம். முகத்தைப் பார்க்காமல் பேசுவது பல ஆண்களுக்குச் சுலபமாக இருக்கும்.

ஆகவே என் முந்தைய குறிப்பைத் திருத்துகிறேன். நாலு நிறுத்தமும் டீக்கடையாக இருக்க வேண்டாம். இரண்டு டீக்கடை, இரண்டு ஒர்க்‌ஷாப்.

ஆகஸ்ட் 23 – பாலாற்றங்கரை

யாரை விட்டுவிட்டோம் என்று பார்த்தால், ஞாயிறு காலை ஓட்டத்தில் உணவு டெலிவரி தம்பிகள் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். மதியச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் அவர்களுக்கு ஓட்ட நேரம். கொஞ்சம் மூச்சு விடுவது மாலை 3.30 முதல் 5.30 வரை. வேலூரில் அவர்கள் நிற்பது சி.எம்.சி. சுற்றிலும் ஆற்காடு ரோட்டிலும் காட்பாடியில் வி.ஐ.டி. பக்கத்திலும். அவர்களுக்கு ஒரு புதன் அல்லது வியாழன் மாலை தனியாக ஒதுக்குங்கள். ஐந்து வண்டி போதும். ஆர்டர் வந்தால் பேச்சின் நடுவில் எழுந்து போவார்கள், போகட்டும்.

ஆம்பூர் ஷூ கம்பெனி, இராணிப்பேட்டை சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். இரவு ஷிஃப்ட் முடித்து 100 சிசியில் 30 கி.மீ. வீடு திரும்புகிறவருக்குத் தூக்கம்தான் முதல் மனநலப் பிரச்சினை. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 100 மி.லி.க்கு 50 மி.கி. மது இருப்பவரின் கவனத்துக்கு ஏறக்குறையச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்ட வரம்பு 30 மி.கி. இதைச் சொன்னால் எந்த ஷிஃப்ட்காரரும் நிமிர்ந்து கேட்பார், ஏனென்றால் அது அவர் தினமும் அனுபவிப்பது.

ஆகஸ்ட் 24 – காட்பாடி கிக்கர்

நிறைய மாற்ற வேண்டியிருக்கிறது அண்ணே. 24 வண்டி என்று முடிவாகிவிட்டது. பேர் இன்னும் முடிவாகவில்லை. "மனநோய் விழிப்புணர்வு ஊர்வலம்" என்று பேனரில் போடலாமா? எஸ்.பி. ஆபீஸ் ஒன்றில் மனு கொடுத்தால் போதுமா?

ஆகஸ்ட் 24, இரவு – பாலாற்றங்கரை

இரண்டு ஆபீஸ். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு பள்ளிகொண்டா வேலூர் மாவட்டம், ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டம். மனுவில் வண்டி எண்கள், ஓட்டுகிறவர் பேர், லைசென்ஸ், இன்சூரன்ஸ் நகல், நிற்கும் இடம், நேரம், பொறுப்பாளர் இருவரின் போன். "ஊர்வலம்" என்ற சொல்லே வேண்டாம். சாலையை மறிக்க மாட்டோம், சைரன் கிடையாது, நாலு குழுவாகப் பிரிந்து போகிறோம் என்று எழுதுங்கள்.

"மனநோய்" என்று பேனரில் போட்டால் அதன் கீழே நிற்க ஆள் வராது. நம் பக்கத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "மனசு பாரமா கீது", "நெஞ்சு அடைக்குது", "ராவெல்லாம் தூக்கமில்ல" என்றுதான் சொல்கிறார்கள். அட்டையிலும் அதே வார்த்தைகள் இருக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடிக்கு உருதுவிலும் அச்சடியுங்கள், குடியாத்தம் பக்கம் கொடுப்பதாக இருந்தால் தெலுங்கிலும். தலையைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும் படம் வேண்டாம். உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் எப்படிச் செய்தார்கள் என்ற விவரம் பேச்சிலும் வரக்கூடாது.

பேருக்கு ஒரு யோசனை: "வழித்துணை". விரிஞ்சிபுரத்துச் சாமிக்கு மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர் என்று பேர். கள்வருக்குப் பயந்த மிளகு வணிகரோடு காவலாக நடந்து போனார் என்பது தல வரலாறு. நீங்கள் போகும் பாதையும் அதே பாதை. உதவிக்கு இருக்கும் ஆட்களையே வழித்துணை என்று கூப்பிடலாம்.

ஆகஸ்ட் 25 – பாலாற்றங்கரை

நேற்றைய குறிப்புக்குப் பின்சேர்க்கை. சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கோபுரப் படம் பேனரில் வேண்டாம். மேல்விஷாரத்து ஆளும் சர்ச்சுக்குப் போகிற ஆளும் தனக்கும்தான் என்று நினைக்க வேண்டும். சொல் எல்லாருக்கும் பொது.

ஆகஸ்ட் 29 – பாகாயம் பஸ்

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்தப் பயணத்துக்கு வருவார்கள், வர வேண்டும். அவர்களுக்குச் சில வார்த்தை.

வண்டி ஓட்ட வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். புதிதாக ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரமே ஆகியிருந்தாலோ, அளவு மாற்றியிருந்தாலோ, தூக்கக் கலக்கம் எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை ஓட்ட வேண்டாம், பின்சீட்டில் வாருங்கள். தூக்க மாத்திரை ராத்திரி தாமதமாகப் போட்டால் காலை 5.30-க்கும் மிச்சம் இருக்கும். சளிக்குப் போடும் அவில் மாத்திரையும் அப்படியே.

மனநிலையைச் சமப்படுத்தும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தனிக் கவனம். வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனை. உடல்வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை போடாதீர்கள், அதுவும் லித்தியத்தை ஏற்றும். பாரசிட்டமால் பரவாயில்லை. முதலுதவிப் பையில் வலிமாத்திரை வைத்து யாருக்கு வேண்டுமானாலும் நீட்டும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. மனநல மருந்துகளில் சில வியர்வையையே குறைக்கும். நம் ஊர் வெயிலில் ஜாக்கெட் போட்டு ஓட்டும்போது அவர்களுக்கு உடம்புச் சூடு சீக்கிரம் ஏறும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை நிழல், தண்ணீர்.

தினமும் நிறையக் குடிக்கிறவர், "நாளைக்கு ரைடு, அதனால் இன்னைக்கு நிறுத்திட்டேன்" என்று வந்தால் பாராட்டி வண்டியில் ஏற்றாதீர்கள். திடீரென்று நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். கை நடுங்கி வியர்த்தால் அன்று ஓட்டக்கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 30 – பாலாற்றங்கரை

அக்கா எழுதியதைப் படித்த பிறகு, பதிவுப் படிவத்தில் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்ற கேள்வி வேண்டாம் என்று தோன்றுகிறது. எழுதிக் கொடுக்கப் பயந்து வராமலே போய்விடுவார்கள். இந்தத் தகவலை எல்லாருக்கும் பொதுவாக முன்கூட்டியே அனுப்பிவிட்டு, விருப்பம் உள்ளவர் அவசரத்துக்காக ஒரு சீட்டில் மருந்துப் பேர், வீட்டு நம்பர் எழுதி மடித்துத் தன் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

வெயில் பேச்சு வந்ததால்: 2012-ல் சிட்னியில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் கோட்டு சூட்டு பைக் ஓட்டம் ஒன்று இருக்கிறது, ஆண்களின் மனநலத்துக்காகவும் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகவும். அது மே மாதம் வரும். நமக்கு அது கத்திரி வெயில் காலம். உங்கள் அக்டோபர் தேதியே சரி, மழைக்கோட்டு மட்டும் மறக்காதீர்கள்.

செப்டம்பர் 6 – செயின் ஸ்பிராக்கெட்

வண்டி விஷயம். முதல் நாள் மாலையே 24 வண்டியும் பார்த்துவிட வேண்டும். டயர் காற்று குளிர்ந்த நிலையில். செயின் தளர்வு வண்டியின் புத்தகத்தில் உள்ளபடி. பின்சீட்டு ஆள் இருந்தால் பின் டயருக்கு அதிகப்படி காற்று. கம்பிச்சக்கர (ஸ்போக்) வண்டிக்கு டியூப் இருக்கும், அதற்கு டியூப்லெஸ் திரி சொருகும் பெட்டி உதவாது. அந்த அளவு டியூபும் இரண்டு லீவரும் வேண்டும்.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான். நியூட்ரலில் விடக்கூடாது. இரண்டாம் கியரில் என்ஜினே பிடிக்கட்டும். பின் டிரம் பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவில் பார்வை வெளியேறும் பக்கம். மேலே ஏறி வரும் பஸ்ஸுக்கு வழி விட வேண்டும்.

செப்டம்பர் 8 – பாலாற்றங்கரை

விபத்தில் அடிபட்டு எலும்பு கூடிய பிறகும் வண்டி எடுக்க முடியாதவர்களை எல்லாரும் "பயந்தாங்கொள்ளி" என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் பயணம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான்.

அடிபட்ட முதல் சில வாரம் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, லாரி ஹாரனுக்குத் திடுக்கிடுவது, தூக்கத்தில் அலறுவது, இதெல்லாம் பலருக்கும் வந்து தானே குறையும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் இருந்தால், அந்த ரோடு பக்கமே போகாமல் சுற்றிப் போனால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். நல்ல சிகிச்சை இருக்கிறது. நண்பர்கள் செய்யும் பெரிய தவறு, விபத்து நடந்த அன்றே சுற்றி உட்கார்ந்து "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு" என்று கேட்பது. அப்படி உடனே ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மன முதலுதவி மூன்று சொல்: பார், கேள், இணை. பத்திரமாக இருக்கிறாரா என்று பார். அவர் சொல்வதை மட்டும் கேள். வீட்டோடும் உதவியோடும் இணை.

மறுபடி வண்டி எடுப்பதும் படிப்படியாக. முதல் நாள் சென்டர் ஸ்டாண்டில் வைத்து ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உட்காரட்டும். படபடப்பு பாதியாக இறங்கும்வரை இறங்க வேண்டாம். பிறகு தெருவுக்குள். பிறகு காலை 6 மணிக்குக் காலி ரோட்டில். விழுந்த இடம் கடைசியில். ஒரு படியில் படபடப்பு குறையாமல் அடுத்த படிக்குத் தாவினால் பயம் இன்னும் கெட்டிப்படும். பின்சீட்டில் இருந்து விழுந்த மனைவிக்கும் இதே கணக்கு. அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

செப்டம்பர் 9 – பாகாயம் பஸ்

எங்கே போவது என்ற பகுதியை அட்டைக்காகச் சுருக்குகிறேன். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது, ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை. காட்பாடியிலிருந்து 1, 2 நம்பர் பஸ் நேராகப் போகும். உள்நோயாளியோடு குடும்பத்தார் கூடவே தங்குவது அங்கே நெடுநாள் பழக்கம், "அடைச்சி வெச்சிடுவாங்க" என்று பயப்படுகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி அரசு மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது என்று நேரில் கேட்டு, அந்தக் கிழமையை அட்டையில் எழுதுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104. தற்கொலைத் தடுப்பு உதவி அமைப்பான சென்னை சினேகா 1986 முதல் நடக்கிறது, 044-24640050.

செப்டம்பர் 15 – காட்பாடி கிக்கர்

வழித்துணை என்றே பேர் வைத்துவிட்டோம். வழித்துணையாக நிற்க 12 பேர் பயிற்சிக்கு வருகிறார்கள், நாலு பேர் மெக்கானிக். பயணம் முடிந்த பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை அண்ணே.

செப்டம்பர் 15, இரவு – பாலாற்றங்கரை

யாராவது நம்பர் கொடுத்து, கூப்பிடச் சொல்லிச் சம்மதித்தால் மூன்றாம் நாள் ஒருமுறை, இரண்டாம் வாரம் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை. பேசிய அதே ஆள்தான் கூப்பிட வேண்டும். "டாக்டர பார்த்தீங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள், அது வாத்தியார் வீட்டுப்பாடம் கேட்பது மாதிரி. "தூக்கம் எப்படி கீது?" என்று ஆரம்பியுங்கள். வழித்துணைக்கு நிற்கும் 12 பேரும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து, தாங்கள் கேட்டதில் எது தங்களைத் தூங்கவிடவில்லை என்று அக்கா மாதிரி ஒருவரிடம் பேச வேண்டும். பேர் சொல்லாமல் பேசலாம்.

நவம்பரில் மறுபடி அதே நாலு இடம். பேனர் வேண்டாம், டி-சர்ட் வேண்டாம், இரண்டு வண்டி போதும். அட்டை தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தீராமல் கல்லாவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தால், அதை எங்கே வைத்தால் கைக்கு எட்டும் என்று கடைக்காரரையே கேளுங்கள்.